பூ வரைந்து பிழைத்த ஓவியர்

மேலைநாட்டு ராக் இசைத்தட்டின் உறையொன்றில் ரோஜாக் கூடையைக் கண்டவர் பலர். அதைத் தீட்டிய ஆன்ரி ஃபாந்தேன் லத்தூரை அறிந்தவர் சிலரே.

பிரான்சின் கிரனோபிள் நகரில் 1836-இல் பிறந்த அவருக்கு முதல் ஆசான், ஓவியராயிருந்த தந்தையே. இளமையில் பாரிசின் லூவர் கலைக்கூடத்தில் பழைய மேதைகளின் படைப்புகளைப் படியெடுத்து விற்றுக் காலந்தள்ளினார். மனே, விஸ்லர் முதலியோர் நண்பர்களாயினர். நண்பர்களிற் சிலர் திறந்த வெளியின் ஒளியை நாடிச் சென்றபோதும் அவர் தம் அறையை விட்டு அகலவில்லை. இலண்டனில் எட்வர்ட்ஸ் தம்பதியர் அவருடைய மலர் ஓவியங்களை விற்றுக் கொடுத்தனர். ஆங்கிலேயர் விரும்பி வாங்கிய அப்பூக்களைத் தாய்நாட்டார் அதிகம் அறியவில்லை.

பூ சோறிட்டது, உள்ளமோ இசையில் தோய்ந்து கிடந்தது. வாக்னரின் இசைநாடகத்தைக் கேட்க 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் வரை சென்றார். வாக்னர், பெர்லியோஸ், ஷூமன் ஆகியோரின் இசையைக் கல்லச்சு ஓவியங்களாக மீண்டும் மீண்டும் வரைந்தார்.

கவிஞர்களாகிய நமக்கு அவர் நெருங்கியவராவது 1872-இல் தீட்டிய 'மேசையின் ஒரு மூலை' ஓவியத்தால்தான். வெர்லேனும், பதினேழே வயதான ரிம்போவும் அதில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அவ்விருவரோடு சேர்ந்திருக்க ஆல்பர் மெரா என்னும் கவிஞர் மறுத்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரரைக் கண்டு முகம் சுளிப்போரைக் கவியரங்குகளில் நாமும் பார்த்தவர்களே! ஃபாந்தேன் வாதாடவில்லை, மெராவின் இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்து முடித்தார். வராத கவிஞருக்குப் பதிலாகப் பூ இன்றும் அங்கேயே இருக்கிறது.

1904-இல் அவர் மறைந்தார். மான்செஸ்டரின் 'நியூ ஆர்டர்' குழுவினர் 1983-இல் தம் இரண்டாம் இசைத்தட்டுக்கு அதிகாரம், ஊழல், பொய் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். உறை வடிவமைத்த பீட்டர் சேவில், அப்பெயருக்கேற்பக் கொடுங்கோல் இளவரசன் ஒருவனின் உருவப்படத்தைத்தான் முதலில் தேடினார். இறுதியில் இலண்டன் தேசியக் கலைக்கூடத்தின் அஞ்சலட்டையிலிருந்த, 1890-இல் தீட்டப்பட்ட அந்த ரோஜாக் கூடை அவர் கையில் சிக்கியது. தீமையும் மயக்கும் அழகோடுதானே நம் வீட்டுக்குள் நுழைகிறது! உறையின் முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. மலர்களும் மூலையில் சில வண்ணக் கட்டங்களும் மட்டுமே.

இசைக்கென்று நெஞ்சாரத் தீட்டியவை அச்சுப்படத் தொகுப்புகளில் இருக்க, பிழைப்புக்கு வரைந்த பூவே அவரை இசையுலகில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2010-இல் பிரித்தானிய அஞ்சல்துறை அவ்வுறையைத் தபால்தலையாக்கியபோது, கூடை இன்னும் சிறுத்துக் கடிதங்களின் மூலையில் ஒட்டிச் சென்றது.