லாம்டனின் சங்கிலியும் கைப்பேசி வரைபடமும்

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் சங்கிலியை விரித்தார். ஏழரை மைல் நீளக் கோட்டை அளந்து முடிக்க 57 நாள்கள் பிடித்தன. தேர்தல் முடிவு நாளன்று நாம் விரலால் விரித்துப் பார்க்கும் கைப்பேசி வரைபடத்தின் வம்சாவளியை அங்கிருந்தே நான் எண்ணுகிறேன்.

அமெரிக்கப் போரில் யார்க்டவுனில் சிறைப்பட்டவர் லாம்டன். 1799-இல் திப்புவுக்கு எதிரான போரில், இரவில் படை திசைமாறிச் செல்வதை விண்மீன்களைப் பார்த்தே உணர்ந்தவர். அவருக்கென இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி, வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, பின்னரே சென்னையை அடைந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. (கோயில் உச்சியில் கருவி ஏற்றும் துணிவு ஆட்சியாளருக்கே வரும்.) ஏறத்தாழ ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்துகிடந்து அதைச் செப்பனிட்டார்.

துல்லியத்தைவிட, அதைச் சோதித்துப் பார்க்கும் அவரது பிடிவாதமே என்னை ஈர்க்கிறது. பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுச் சென்றவர், 1804-இல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டைச் சங்கிலியாலேயே அளந்தார். கணக்குக்கும் அளவுக்கும் இடையே நான்கு அங்குலம்கூட வேறுபாடில்லை.

இன்றைய வடிவமைப்பாளரோ, மலைப்பகுதியின் மெலிந்த இணைய இணைப்பிலும் படம் விரைந்து திறக்க எல்லைக்கோட்டின் வளைவுகளைக் குறைக்கிறார். அதில் குறைகாண மாட்டேன். வாக்காளருக்கு அங்குலம் முக்கியமன்று. மறைக்கக்கூடாதது வாக்கு. ஜவ்வாது மலையின் பல ஊர்கள் கலசப்பாக்கம் தொகுதிக்குள் வருகின்றன. வென்றவரின் ஒற்றை வண்ணம் மலையையும் சமவெளியையும் ஒன்றாகப் பூசிவிடுகிறது. காடு விரிந்த பரப்பு, வாக்குப் பெருக்கம்போலத் தோன்றுகிறது.

வாக்குச்சாவடிவாரியான எண்கள் தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-இல் உள்ளன. ஆனால் சிற்றூர் ஒவ்வொன்றையும் தனித்தனியே வண்ணமிட்டால், யார் யாருக்கு வாக்களித்தார் என்ற ஊகத்துக்கு அது இடம் தரும். மலைச் சாவடிகளை ஒரே தொகுப்பாக, வாக்கு எண்ணிக்கைக்கேற்ற வட்டமாகக் காட்டுவதே எனக்குச் சரியெனப்படுகிறது. வட்டத்தைத் தொட்டால் வேட்பாளர் அனைவரின் எண்களும் விரியட்டும்.

லாம்டன் 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பணிக்கிடையே இறந்தார். பொறுப்பு அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்குச் சென்றது. உலகின் உயர்ந்த சிகரத்துக்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர் அவருடையதே.