முப்புரிக் கயிறு கண்ட பேராசிரியர்

ஒன்பதாம் வகுப்பில் வேதிப் பிணைப்பு என்னும் பாடம் தொடங்கியதும் நம்மில் பலருக்கு ஒரு சோர்வு வருவதுண்டு. கரும்பலகை முழுவதும் புள்ளிகளும் கோடுகளுமாக நிறைந்துவிடும். இவற்றை மனப்பாடம் செய்து என்ன பயன் என்று பின் வரிசையில் முணுமுணுப்பும் கேட்கும். அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் விடாது பின்தொடர்ந்த ஒருவர், நம் அடையாறுக்குப் பக்கத்திலேயே, கிண்டியில் இருந்தபடி உலகம் வியந்த உண்மை ஒன்றைக் கண்டார். அவரே பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரம் அவருடைய முன்னோரின் ஊர். அவர் பிறந்தது 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், எர்ணாகுளத்தில். தந்தையார் நாராயண ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆகவே கணக்கு அவருக்கு வீட்டிலேயே கிடைத்த செல்வம். இயேசு சபைக் குருக்கள் நடத்தும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் கண் அவர் மேல் விழுந்தது. மின்பொறியியல் மாணவர் இயற்பியல் மாணவரானார். இராமனிடம் அவர் ஆராய்ந்த பொருள்களுள் வைரமும் ஒன்று. பின்னர் 1947 முதல் ஈராண்டுகள் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து டாக்டர் பட்டத்துடன் திரும்பினார்.

1952-இல் சென்னைப் பல்கலைக் கழகம் கிண்டியில் இயற்பியல் துறையைத் தொடங்க விரும்பியது. துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் நாடியது இராமனைத்தான். இராமன் அதை ஏற்காமல் தம் மாணவரின் பெயரைச் சொன்னார். முப்பது வயதை எட்டும் வேளையில் இராமச்சந்திரன் ஒரு துறைக்கே தலைவரானார்.

அவருடைய கண்டுபிடிப்பை அறியுமுன், கரும்பலகைப் புள்ளிகளிடம் சற்றுத் திரும்பிச் செல்வோம். சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான் உண்டு. குளோரின் அணுவுக்கோ வெளிக்கூடு நிறைய ஓர் எலக்ட்ரான் குறைவு. முன்னது கொடுத்துவிட்டு நேர்மின் அயனியாகிறது. பின்னது வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து நிற்பதே நம் வீட்டு உப்பு. கார்பன் அணு இப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்வதில்லை. தன் நான்கு எலக்ட்ரான்களையும் அண்டை அணுக்களோடு பொதுவில் வைத்துக்கொள்கிறது. இது சகப்பிணைப்பு. வைரத்தின் உறுதிக்குக் காரணம் இதுவே. மூன்றாவதாக ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று உண்டு. நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ சேர்ந்திருக்கும் ஹைட்ரஜன், பக்கத்திலுள்ள மற்றோர் ஆக்சிஜனை மெல்ல இழுத்துப் பிடிப்பது அது. சகப்பிணைப்பின் வலிமையோடு ஒப்பிட்டால் மிக மெலிந்தது. ஆனால் நம் உடலில் இந்த மெலிந்த பிணைப்புகள் செய்யும் வேலை கொஞ்சமன்று.

துறை தொடங்கிய சமயத்தில் ஆங்கிலேய அறிஞர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்று அவர் கூறியதைக் கேட்டதும் இராமச்சந்திரனுக்கு ஆராய வேண்டிய பொருள் கிடைத்துவிட்டது. நம் தோல், எலும்பு, தசைநாண் யாவற்றையும் தாங்கி நிற்பது கொலாஜன். உடலிலுள்ள புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அதுதான். சில நிமிடத் தொலைவில், அடையாறில், 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! இதைவிட நல்ல அண்டை வீடு வேறு எங்கே கிடைக்கும்?

கங்காருவின் வால் தசைநாணின் மேல் எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தின் புள்ளிகளைக் கொண்டு, உடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954-இல் ஒரு முடிவுக்கு வந்தனர். கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்தது என்பதே அது. மறு ஆண்டு அதைத் திருத்தி, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறு என்று காட்டினர். ஒவ்வோர் இழையும் தனித்தனியே இடப்புறமாகத் திரும்ப, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர் கையிலும் இதே முறைதான். எதிரெதிர் முறுக்கு இருப்பதால் கயிறு பிரிவதில்லை.

இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருகிறது. கயிற்றின் நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் வேறெதுவும் நுழைய முடியாது. அப்படியானால் இழை சுற்றிக்கொண்டே போகும்போதும் கிளைசின் எப்போதும் உட்புறமே பார்த்திருக்க வேண்டும். இது எப்படி இயலும்? வானத்துச் சந்திரனே அவருக்கு வழி காட்டியது. பூமியைச் சுற்றிவரும் சந்திரன் தானும் திரும்பிக்கொண்டே, தன் ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறது அல்லவா? இழையும் அப்படியே திரும்புகிறது என்று கண்டார். நமக்கு இக்கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மூன்று இழைகளையும் சேர்த்துப் பிடிப்பவை அந்த மெலிந்த ஹைட்ரஜன் பிணைப்புகளே. தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் காய்ச்சினால் அவை அறுந்து, முப்புரி பிரிந்துவிடும். தச்சர்களின் வச்சிரப் பசையும் விருந்தில் உண்ணும் ஜெல்லியும் அப்படிக் கிடைப்பவை. தோல் பதனிடுவோர் செய்வது இதற்கு நேர்மாறானது. குரோமிய உப்பைச் சேர்த்தால் அதன் அயனிகள் கொலாஜனின் ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொண்டு, இழையோடு இழையைக் கட்டிவிடுகின்றன. பிறகு அது எளிதில் அழுகாது. குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. டி.என்.ஏ.யின் அமைப்பை வாட்சனுடன் கண்டறிந்த கிரிக், 1955-இல் ரிச் என்பவருடன் சேர்ந்து மறுப்பு எழுதினார். முப்புரி சரிதான், ஆனால் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னையார் சொல்வது பொருந்தாது, அவ்வாறானால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடும், ஒரு பிணைப்பே இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். உலகப் புகழ் பெற்றவர்கள் கூறிய குறை! கிண்டியிலிருந்த ஒரு சிறிய துறைக்கு அது எத்தகைய அடி என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இராமச்சந்திரன் வெறும் சொற்போரில் இறங்கவில்லை. இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டார். அதுவரை ஆராயப்பட்டிருந்த படிகங்களின் அளவுகளைத் தேடித் தொகுத்தார். பிறர் கருதியதைவிட அணுக்கள் நெருங்கி நிற்பதுண்டு என்று தெரிந்தது. அதோடு நிற்காமல், சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் எல்லாப் புரதங்களுக்கும் இதே கேள்வியைப் போட்டார். புரத இழையில் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது. ஆகவே ஒவ்வொரு கண்ணியிலும் இழை திரும்பக்கூடிய இடங்கள் இரண்டே. அந்த இரு கோணங்களையும் ஒரு கட்டத்தில் குறித்து, அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களை எல்லாம் நீக்கினால் சில சிறு தீவுகளே மிஞ்சின. மேசைமேல் வைக்கும் கணக்குக் கருவியைக் கொண்டு, கோணம் கோணமாகப் போட்ட கணக்கு அது. 1963-இல் வெளியான அந்த வரைபடம் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. இன்றும் உலகில் எங்கே ஒரு புதிய புரதத்தின் அமைப்பைக் கண்டாலும், அது சரியா என்று அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பிணைப்பு வழக்கு என்ன ஆயிற்று? 1994-இல் அமெரிக்காவில் கொலாஜன் போன்ற ஒரு சிறு இழையின் படிகத்தைத் துல்லியமாகப் படம் எடுத்தபோது, நேரான பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. அந்த அளவில் கிரிக் பக்கமே சரி. ஆனால் நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து இழைகளைப் பாலம்போல் இணைக்கின்றன என்பதும் அதில் புலப்பட்டது. நீரின் இந்தப் பங்கை இராமச்சந்திரன் குழுவினர் முன்பே எடுத்துக் கூறியிருந்தனர்.

1970-க்குப் பின் அவர் பெங்களூருக்குச் சென்றார். 1971-இல் இலட்சுமிநாராயணனுடன் அவர் வகுத்த ஒரு கணித முறை, பின்னாளில் மருத்துவமனைகளின் ஸ்கேன் கருவிகளுக்குப் பெரிதும் பயன்பட்டது. 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு வரவில்லை. நம் நாட்டுப் பத்ம விருதுகளில் ஒன்றுகூட வரவில்லை. முந்தையதைப் பொறுத்துக்கொள்ளலாம், பிந்தையது நமக்கு இன்னும் உறுத்துகிறது. முதுமையில் பக்கவாதமும் நடுக்குவாதமும் வாட்டின. 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தார். மறு ஆண்டு படிகவியலின் உயரிய எவால்டு பரிசு வந்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கலையரங்குக்கு டிரிப்பிள் ஹெலிக்ஸ் என்று பெயர். முப்புரிச் சுருள் என்பதே அதன் பொருள்.