இரும்பு மனிதனைப் படைத்த யோகோயாமா

ஜப்பானியர் அனிமே என்று வழங்கும் சித்திரப் படத் தொடர்களுள், மாளிகையளவு உயர்ந்த யந்திர மனிதர் ஒருவரோடொருவர் பொருவதைக் காட்டுவன மிகப் பல. அவற்றைப் பற்றி எம் கருத்து யாதென மாணவர் சிலர் வினவினர். அவ்வகைத் தொடர்களுக்கெல்லாம் மூத்ததொன்றையும், அதற்கு வித்திட்டவர் சரித்திரத்தையும் கூறுதலே தக்க விடையாகுமென்று யாம் எண்ணுகின்றோம்.

மிட்சுதெரு யோகோயாமா 1934-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி கோபே நகரிற் பிறந்தார். கோபே பெரியதோர் துறைமுகப் பட்டினம். கப்பல் கட்டும் சாலைகள் நிறைந்தது. ஆதலின் பசிபிக் மகாயுத்தத்தில் அது பகைவர் குறிக்குத் தப்பவில்லை. நகரச் சிறுவர் பலரைப் போலவே இவரும் வெளியூருக்கு அகற்றப்பட்டுத் தொட்டோரிச் சீமையிலே தங்கியிருந்தார். 1945-ம் வருஷம் மார்ச்சு மாதத்திலும் ஜூன் மாதத்திலும் அமெரிக்கரின் பி-29 விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்து கோபேயின் பெரும்பகுதியைச் சாம்பராக்கின. யுத்தம் ஓய்ந்தபின் ஊர் திரும்பிய அச்சிறுவர் கண்டது தாம் விட்டுச் சென்ற தெருக்களையன்று. கரிந்து கிடந்த வெளியையே. ஊரை எரித்த அவ்விமானத்தின் பேராற்றல் அவருக்கு அச்சத்தையும் வியப்பையும் ஒருங்கே விளைத்தது. ஜெர்மானியர் யுத்தக் கடைசியில் ஏவிய வி-ஆயுதங்களைப் பற்றிய செய்தியும், பிராங்கன்ஸ்டைன் என்னும் திரைப்படமும் பின்னர் அவ்வியப்போடு வந்து சேர்ந்தன. இம்மூன்றுமே தம் இரும்பு மனிதனுக்கு மூலமென்று அவர் பிற்காலத்தில் தெரிவித்ததுண்டு.

பள்ளிப் பருவத்தில் ஒஸாமு தெசுகா வரைந்த சித்திரக் கதைகளைப் படித்து, தாமும் அத்தொழிலே செய்வதென உறுதி கொண்டார். படிப்பு முடிந்ததும் ஒரு வங்கியில் உத்தியோகம் கிடைத்தது. வரைவதற்கு நேரமின்மையால் சில மாதங்களுக்குள் அதனை விட்டுவிட்டார். இக்காலத்துப் பெற்றோர் இதனைக் கேட்டால் யாது சொல்வரோ அறியோம். சிலகாலம் திரைப்பட நிறுவனமொன்றின் விளம்பரப் பகுதியில் வேலை பார்த்து, 1955-ல் முதற் கதையை வெளியிட்டார். மறு வருஷமே, ஷோனென் என்னும் சிறுவர் பத்திரிகையில் டெட்சுஜின் 28 தொடங்கிற்று. இருபத்தெட்டாம் இரும்பு மனிதன் என்பது அப்பெயரின் பொருள்.

கதை இதுவே. தோல்வியை நெருங்கிய ஜப்பானிய இராணுவம், பகைவரை அழிக்கவல்ல யந்திர மனிதனொன்றை இரகசியமாக ஆக்க முயல்கின்றது. இருபத்தேழு முயற்சிகளுக்குப் பின் உருவாகிறது இருபத்தெட்டாவது. ஆனால் யுத்தம் முடிந்துவிடுகிறது. ஆக்கிய கனேதா என்னும் விஞ்ஞானியின் மகன் ஷோதாரோ என்னும் சிறுவன் வசம் அது வந்து சேர்கிறது. பாலகனொருவன் மோட்டார் வண்டி ஓட்டுவதும், போலீஸ் தலைவர் அவனோடு ஆலோசனை செய்வதும் எமக்குச் சிறிதும் பொருந்தவில்லை. சிறுவர்க்கு அந்த ஐயம் எழுவதேயில்லை போலும்.

அதே பத்திரிகையில் வெளிவந்த தெசுகாவின் ஆட்டமும் யந்திரமே. எனினும் அவன் சிந்திப்பான், வருந்துவான், நன்மை தீமை அறிவான். யோகோயாமாவின் இரும்பு மனிதனுக்கோ மனமென்பது இல்லை. விசைகள் பொருந்திய சிறு பெட்டியொன்றே அவனை இயக்குவது. அது ஷோதாரோவின் கையிலிருக்கும்வரை நகரைக் காப்பான். கள்வன் கைக்கு மாறிய கணமே அந்நகரையே மிதித்துத் துவைப்பான். அவ்விரு செயல்களுக்கும் அவன் முகத்தில் ஒரு வேறுபாடும் தோன்றாது. எரிந்த ஊரைக் கண்ட ஒருவரே இதனை இவ்வாறு வரைந்திருக்கக் கூடுமென்பது எம் துணிபு. அவர் இதனைக் குறுங்கதையாகவே கருதி, இரும்பு மனிதன் அழிவதோடு முடித்துவிட எண்ணியிருந்தார். படித்த சிறுவர் விடவில்லை. கதை 1966 வரை நீண்டது.

1963-ம் வருஷம் அக்டோபர் மாதம் இது கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடராயிற்று. ராட்சத யந்திர மனிதனைக் கொண்ட அனிமே தொடர்களுள் இதுவே முதலாவது. அமெரிக்கர் இதனை ஜைகாண்டர் எனப் பெயர் மாற்றி, நிகழுங் காலத்தை 2000-ம் ஆண்டுக்குத் தள்ளி, யுத்தச் செய்தியை ஒழித்துவிட்டனர். உயிர்நிலையை நீக்கியபின் எஞ்சியது வெறும் இரும்பே.

சித்திரங்கள் இன்றைய கண்ணுக்குக் கரடுமுரடானவை. ஒரே நிகழ்ச்சி பலகால் மீண்டும் வருவதும் உண்டு. 1972-ல் வந்த மாஜிங்கர் இசட் தொடரில் வாலிபன் யந்திரத்தின் தலையிலேயே ஏறி அமர்ந்தான். யந்திர பலம் அவன் சொந்த பலமாயிற்று. பெட்டி யார் கையிலுள்ளது என்னும் அச்சம் அதனோடு அகன்றது. 1979-ல் தோன்றிய கண்டம், யுத்தத்தின் துயரை வேறொரு வழியால் மீட்டதென்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆயுதத்துக்கு நெஞ்சில்லை என்னும் உண்மையை முதல் தொடரளவு நேராகக் காட்டியது பிறிதொன்றில்லை என்பதே எம் கருத்து.

யோகோயாமா இதனோடு நின்றவரல்லர். மாயச் சிறுமி சாலியின் கதையை 1966-ல் தொடங்கினார். சீனத்து மூன்று ராஜ்யங்களின் வரலாற்றை 1971 முதல் 1987 வரை 60 புத்தகங்களாக வரைந்தார். அது 1991-ல் ஜப்பானியச் சித்திரக்காரர் சங்கத்தின் பரிசு பெற்றது.

2004-ம் வருஷம் ஏப்ரல் மாதம் இரும்பு மனிதன் கதை மீண்டும் புதிய தொடராகத் தொலைக்காட்சியில் தொடங்கியது. யுத்தத்தின் நிழலை அது விலக்கவில்லை. அம்மாதம் 15-ந் தேதி டோக்கியோவில் தம் வீட்டிலுண்டான தீயில் யோகோயாமா காயமுற்று, 69-ம் வயதில் காலமானார்.

1995-ம் வருஷத்துப் பூகம்பத்தில் கோபே மறுபடியும் எரிந்தது; நகாதா என்னும் பகுதி பெருஞ் சேதமடைந்தது. அங்குள்ள வணிகர் முயற்சியால் 2009-ல் ஒரு பூங்காவில் டெட்சுஜின் சிலை நாட்டப்பட்டது. சுமார் 15 மீட்டர் உயரமும் 50 டன் எடையும் உடைய அவ்விரும்புருவம், கால்களை அகல வைத்து, முஷ்டியை நீட்டி, அவர் பிறந்த ஊரில் நிற்கின்றது.