மரங்களின் மருத்துவப் பேராசிரியை

நோயுற்றால் நாம் மருத்துவரை நாடுகிறோம். மரமோ நின்ற இடத்திலேயே போராட வேண்டும். அப்போராட்டத்தை ஆராய ஒரு மாணவியர் படையையே உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டு அறிஞர் யொஹானா வெஸ்டர்டைக்.

1883-இல் பிறந்த அவர், 23-ஆம் வயதிலேயே தாவரநோய் ஆய்வுக்கூடமொன்றின் இயக்குநரானார். 1917-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, அந்நாட்டின் முதல் பெண் பேராசிரியர் என்னும் பெருமை பெற்றார்.

முதல் உலகப்போர் முடிந்த காலம். ஐரோப்பியச் சாலைகளுக்கு நிழல் தந்த எல்ம் மரங்கள் வாடி மடிந்தன. வறட்சி என்றனர் சிலர். போர்முனை நச்சுவாயு என்றனர் வேறு சிலர். ஒரு பூஞ்சையே காரணம் என 1922-இல் எழுதினார் அவருடைய மாணவி பியா ஸ்வார்ட்ஸ். பலர் ஏற்கவில்லை. பின்னர் மற்றொரு மாணவி கிறிஸ்டீன் பாய்ஸ்மன், நலமான மரங்களில் அப்பூஞ்சையைச் செலுத்தி, அதே நோயை உண்டாக்கிக் காட்டினார். ஐயம் அகன்றது.

பூஞ்சையைத் தடுக்க எல்ம் தன் நீர் ஏறும் குழாய்களையே அடைத்துக்கொள்கிறது. அடைப்பு பிந்தினால் பூஞ்சை பரவும். மிகுந்தால் இலைகள் நீரின்றிக் கருகும். காவலே காலனாகிறது! இவையெல்லாம் மரக்கட்டைக்குள் மறைவாக நிகழ்வதே ஆய்வாளருக்குப் பெருஞ்சவால்.

வெஸ்டர்டைக் 1961-இல் மறைந்தார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற 56 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். ஆசிரியரின் புகழ் மாணவரால் விளங்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?