வீரமாமுனிவரும் ஆத்தும சோதனையும்

கல்வராயன் மலையிற் பிறக்கும் மணிமுத்தாறு கள்ளக்குறிச்சிச் சீமையைக் கடந்து, திருமுதுகுன்றமென்னும் விருத்தாசலத்தை அடைகின்றது. விருத்தாசலம் தாலுகாவிலுள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எடுத்தவர் வீரமாமுனிவர். அவருடைய தமிழ்ப்புலமையை அறியாத மாணவர் நம்முள் இரார். ஆயினும், நாள்தோறும் ஜெபத்தில் தம்மைத் தாமே சோதிக்கும் துறவியாகவும் அவர் வாழ்ந்தார் என்பதைச் சிலரே நினைக்கின்றோம். அதனையே இங்குக் கூறப் புகுந்தோம்.

இத்தாலிய தேசத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி, 1698-இல் சேசு சபையிற் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்திறங்கி, மறு ஆண்டு தமிழகம் புகுந்தார். தைரியநாதரென்றும் பின்னர் வீரமாமுனிவரென்றும் பெயர் பூண்டார். 3615 பாக்களாலான தேம்பாவணியை 1726-இல் முடித்தார். தொன்னூல் விளக்கம், சதுரகராதி முதலிய நூல்களையும், திருக்குறளின் அறத்துப்பால் பொருட்பால்களுக்கு இலத்தீன் மொழிபெயர்ப்பையும் அளித்தார். 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் உயிர் நீத்தார்.

இத்துணைப் புகழுக்கிடையே ஒருவன் தன்னைத் தான் மறவாதிருப்பது எங்ஙனம்? அதற்கு அவருடைய சபை ஒரு வழி வகுத்திருந்தது. 1521-இல் பம்ப்லோனாக் கோட்டைப் போரிற் கால் முறிந்து, படுக்கையிற் கிடந்தபோது மனந்திரும்பிய இஞ்ஞாசியார் என்பவர், தாம் பழகிய ஆத்தும சோதனையை ஐந்து பகுதியாக எழுதி வைத்தார். முதலாவது, கடவுளுக்கு நன்றி கூறல். இரண்டாவது, தன் பாவத்தை அறியும் ஒளியை வேண்டல். மூன்றாவது, அன்றைய நினைவு, சொல், செயல்களை மணி மணியாக ஆராய்தல். நான்காவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, திருந்த உறுதி கொள்ளல். ஒரு குறிப்பிட்ட குற்றத்தை வெல்ல விரும்புவோன், அதில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி இட்டு, நண்பகலையும் இரவையும், நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றும் விதித்தார்.

முனிவர் இதனைத் தமக்குள் ஒளித்து வைத்தாரல்லர். திருக்காவலூரென்று தாம் பெயரிட்ட ஏலாக்குறிச்சியில் உபதேசியார்களைப் பயிற்றுவித்தார். அவர்களுக்காக 1727-இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். பிறர்க்கு உபதேசிப்போன் முதலில் தன் ஆத்துமத்தைப் பேணவேண்டும் என்பது அதன் சாரம். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை அவர் கண்டித்தெழுதிய நூல்கள் கடுமையானவை. ஆதலின் அவரும் இச்சோதனைக்குப் புறம்பானவர் அல்லர். அச்சபையாரே அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தம் அச்சுக்கூடத்தில் பதிப்பித்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

நகைப்பிற்குரியதாக நாம் சிறுவயதிற் படித்த பரமார்த்த குருவின் கதையிலும் இவ்வுண்மை பொதிந்து கிடக்கக் காண்கின்றோம். ஆற்றைக் கடந்த குருவும் சீடர் ஐவரும் தம்மை எண்ணுகின்றனர். எண்ணுவோன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு ஐவரையே காண்கின்றான். ஒருவனை ஆறு கொண்டுபோயிற்றென்று அனைவரும் அழுகின்றனர். பிறர் குற்றமெல்லாம் எண்ணித் தன்னை மட்டும் எண்ணாது விடுபவன் எவனும் அச்சீடருள் ஒருவனே.

இதை இன்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்றோரைத் தண்டித்தல் அரசின் கடமை. குடிநோய்க்கு மருத்துவம் செய்தல் மருத்துவர் கடமை. ஆனால், பிழைத்தெழுந்தவனும், குடியை விட விரும்பி மறுபடியும் விழுகிறவனும் இரவில் தனித்திருக்கும் வேளையில் யாது செய்வது?

1935-இல் அமெரிக்காவிற் குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட இருவர் ஒரு கூட்டுறவைத் தொடங்கினர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என வழங்கும் அதன் பன்னிரண்டு படிகளுள், தன் குற்றங்களை அஞ்சாது கணக்கெடுத்தல், அவற்றைக் கடவுளிடமும் மற்றொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளல், தீங்கிழைக்கப்பட்டோருக்கு ஈடு செய்தல், ஜெபித்தல் என்பன அடங்கும். எட்வர்ட் டவுலிங் என்னும் சேசு சபைக் குரு, இப்படிகள் இஞ்ஞாசியாரின் முறையோடு ஒத்திருத்தலைக் கண்டு வியந்து, 1940-இல் அதன் நிறுவனர்களுள் ஒருவரைத் தேடிச் சென்று நண்பரானார்.

இஞ்ஞாசியாரின் முறையில் நாம் காணும் நுட்பம் ஒன்று உண்டு. சோதனைக்கு முன் நன்றி நிற்கின்றது. பின் மன்னிப்பு நிற்கின்றது. வெறுங்கணக்கு மட்டுமே பார்ப்பவன் அவமானத்தால் மீண்டும் கள்ளை நாடுவான். கணக்கே பாராதவனோ தன் மனைவி மக்களையும், கெட்ட காலத்தையும் குறை கூறிக்கொண்டே குடிப்பான். தன்னை நேசிப்பவர் முன்னிலையில் மெய் கூறுபவனுக்கே, நேற்று ஐந்து புள்ளி இட்டவிடத்து இன்று நான்கு இடும் துணிவு பிறக்கின்றது.

நம்முட் பலர் குடியை அறியோம். எனினும், சோம்பலும் பொறாமையும் நாவின் கடுமையும் நம்மோடு ஆற்றைக் கடந்தே வந்துள்ளன. ஆகையால், இன்றிரவு விளக்கணைக்குமுன் நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. எண்ணும்போது நம்மை விட்டுவிடாதிருப்போமாக.