கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொன்ன மருத்துவர்



அணுமின் நிலையம், அணுக்கழிவு, அவற்றால் உடல்நலத்துக்கு நேரக்கூடிய தீங்கு என்று பேச்சு எழும்போதெல்லாம் எளிய மக்கள் கேட்பது ஒன்றைத்தான்: எங்களிடம் உண்மையைச் சொல்கிறார்களா? கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. அதை அறிந்தவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்படி அறிந்து, அறிந்ததை மறைக்காமல் சொன்ன ஒரு கத்தோலிக்க மருத்துவரின் வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

தக்காஷி நாகாய் 1908-ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தார். நாகசாகி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நாள்களில் அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தாயின் மரணம் அவரைச் சிந்திக்க வைத்தது. உரக்காமி பகுதியில் அவர் தங்கியிருந்த வீட்டார், குருக்களே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக மறைவில் விசுவாசத்தைக் காத்த கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களது செபவாழ்வு அவரைத் தொட்டது. 1934-இல் பவுல் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்று, அவ்வீட்டு மகள் மிதோரியை மணந்தார்.

நோயினால் ஒரு காது கேளாமல் போனதால் அவர் எக்ஸ்ரே துறையைத் தேர்ந்துகொண்டார். போர்க்காலத்தில் காசநோய் பரவியது. எக்ஸ்ரே ஃபிலிம் கிடைக்கவில்லை. ஆகவே கதிர்களின் முன் நின்று, நோயாளிகளின் நெஞ்சை நேரடியாகத் திரையில் பார்த்தே பரிசோதித்தார். ஆபத்து அவருக்குத் தெரியும். வரிசையில் நின்ற நோயாளிகளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. 1945 ஜூன் மாதத்தில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. இன்னும் மூன்று ஆண்டுகளே வாழ்வார் என்றார்கள். அதை மனைவியிடம் மறைக்காமல் சொன்னார்.

இரண்டே மாதங்களில், ஆகஸ்ட் 9 அன்று, உரக்காமியின் மேல் அணுகுண்டு வெடித்தது. அங்கிருந்த ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் மாண்டனர். மருத்துவமனையில் இருந்த நாகாய் தலையில் இரத்தம் வழிய வழியக் காயமுற்றோருக்குப் பணி செய்தார். பின்னர் வீட்டுக்குச் சென்றபோது சாம்பலில் மிதோரியின் எலும்புகளையும் அவரது செபமாலையையும்தான் கண்டார். மலைப்பகுதிக்கு அனுப்பப்பட்டிருந்த மகனும் மகளும் பிழைத்திருந்தனர்.

துயரத்தில் அவர் முடங்கிவிடவில்லை. மருத்துவக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். கதிர்வீச்சு மனித உடலில் செய்ததைக் குறித்துவைத்து, கல்லூரிக்கு அறிக்கையாகக் கொடுத்தார். 75 ஆண்டுகளுக்கு அந்த மண்ணில் உயிர் தழைக்காது என்ற பேச்சு பரவியபோது, குனிந்து மண்ணைப் பார்த்தார். சில வாரங்களில் எறும்புகளைக் கண்டார். பின்பு மண்புழுக்களைக் கண்டார். மக்களின் அச்சத்தை ஏளனம் செய்யாமல், கண்டதைச் சொன்னார். தாமும் பிள்ளைகளோடு அங்கேயே குடியேறினார். பிறரைத் தம்மைப்போல் நேசிக்கச் சொன்ன ஆண்டவரின் கட்டளையை நினைவூட்டும் நியோகோதோ என்ற பெயரைத் தம் சிறு குடிசைக்குச் சூட்டி, படுத்த படுக்கையாய் நூல்கள் எழுதினார். 1946-இல் எழுதிய 'நாகசாகியின் மணிகள்' நூல் ஆக்கிரமிப்புப் படையின் தணிக்கையால் 1949-இல்தான் வெளிவந்தது. 1951 மே முதல் நாள், 43-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். மாணவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று தம் உடலையும் ஆய்வுக்குக் கொடுத்திருந்தார்.

அணுசக்தி ஒருநாள் மனிதருக்கு நன்மை செய்யும் என்று நாகாய் நம்பினார். ஆனால் நாகசாகியை அழித்த குண்டின் புளுட்டோனியம் எங்கே உருவானது? அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு உலையில். அந்த இடத்தில் 177 நிலத்தடித் தொட்டிகளில் 20 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கதிரியக்கக் கழிவு சேர்ந்தது. சில தொட்டிகள் மண்ணில் கசிந்தன. 1940-களில் அங்கிருந்து காற்றில் கலந்த கதிரியக்க அயோடினைப் பற்றிச் சுற்றுவட்டார மக்கள் விரிவாக அறிந்தது, 1986-இல் ஆவணங்கள் வெளியான பிறகுதான். நாற்பது ஆண்டு மௌனம்! புளுட்டோனியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும்.

2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், நாகாயின் நாட்டு ஆயர்களே அணுமின் நிலையங்களை உடனே மூடுமாறு கேட்டுக்கொண்டனர். நாகாயின் நம்பிக்கையும் ஆயர்களின் எச்சரிக்கையும் எதிரெதிரானவை போலத் தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவை. புதிய உண்மைகள் தெரியவரும்போது அவற்றை ஏற்பதும் அன்பின் கடமையே.

அன்பர்களே, அச்சத்தோடு கேள்வி கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்காதிருப்போம். அறிந்தவர்கள் அளந்ததை மறைக்காமல் சொல்லவும், ஆபத்தைத் தாங்குவோர் அருகில் தாமும் நிற்கவும் மன்றாடுவோம். நாம் விட்டுச்செல்லும் கழிவு பிறவாத பிள்ளைகளின் வாசலில் கிடக்கும் என்பதையும் மறவாதிருப்போம்.