கண்புரைக்கு கேஸ் ஷீட் எழுதவைத்த தஞ்சை மன்னர்: யார் இந்த இரண்டாம் சரபோஜி?

ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பாவை திருச்சிக்கு கண்புரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போறீங்களா? முதலில் சொட்டு மருந்து விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கண்மணி விரியும். புரை விழுந்த லென்ஸ் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஜன்னல் சின்னதாக இருந்தால் டாக்டர் எப்படி உள்ளே வேலை செய்வார்?

200 ஆண்டுகளுக்கு முன்பே, பக்கத்து ஊரான தஞ்சாவூரில் கண்புரைக்கு சிகிச்சை நடந்தது. நடத்தியவர் ஒரு மன்னர்!

பட்டமும் பறிபோன நாடும்

1777-ல் பிறந்த சரபோஜியை மன்னர் துளஜா தத்தெடுத்தார். துளஜா இறந்ததும் அமர்சிங் அரியணை ஏற, சிறுவனுக்குத் துணை நின்றவர் திருச்சியில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜெர்மன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ். சரபோஜி சென்னையில் படித்தார். 1798-ல் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆட்சி கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போனது. மிச்சம் இருந்தது, தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும்தான்.

வாளுக்குப் பதில் ஊசி

அதிகாரம் போனாலும் சரபோஜி சும்மா இருக்கவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார். தன்வந்திரி மகாலில் நம்ம ஊர் வைத்தியத்தையும் ஆங்கில மருத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். கண் நோயாளிகளின் விவரங்கள் கேஸ் ஷீட்டாக எழுதப்பட்டன. சிலவற்றில் கண்ணின் வண்ணப் படமும் உண்டு. அவை இன்றும் நூலகத்தில் இருக்கின்றன.

அப்போ கண்மணியை எப்படி விரித்தார்கள்?

1800 வாக்கில் ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஹிம்லி, பெல்லடோனா செடியின் சாற்றைக் கண்ணில் விட்டு கண்மணியை விரிக்கும் முறையைப் பரப்பினார். அதிலுள்ள அட்ரோபின் பிறகு தனியாகப் பிரிக்கப்பட்டது. நம்ம ஊமத்தையிலும் இதே வகை வேதிப்பொருள் உண்டு. அது விஷம், கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சரபோஜி 1832-ல் மறைந்தார்.

இன்று?

டிராபிகாமைடு, பினைல்எஃப்ரின் சொட்டுகள் வந்துவிட்டன. அப்படியும் விரியாவிட்டால் சிறு கொக்கியோ வளையமோ வைப்பார்கள். நீண்டகால சர்க்கரை நோய் இருந்தால் கண்மணி சரியாக விரியாமல் போகலாம். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் மாத்திரை, ஆபரேஷனின்போது கருவிழித் திரையைத் தளர வைக்கும். அதனால் அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லுங்க. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க.

நாட்டை இழந்த மன்னர் விட்டுப்போன பழக்கம் அதுதான்: நோயாளியைப் பற்றி எதையும் விடாமல் எழுதி வைப்பது.